மருந்து கேட்ட பிறகு

"வலிக்குதா தம்பி?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். கொஞ்சம்கூட வலி இல்ல" என்றேன். நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற அத்தாவும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விட்டார். டாக்டர் முகம்தான் சுண்டிப்போயிற்று.

கட்டி என்றால் வலிக்க வேண்டும். வலித்தால் பழுக்கும், உடையும், ஆறும். வலிக்காத கட்டி, நடுவில் கரி அப்பியதுபோல் கறுப்பு, சுற்றிலும் பொங்கிய வீக்கம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்கிற வீடு அது. எங்களைப் போலத் தோலைத் தொட்டுப் பிழைக்கிறவர்கள் திண்டுக்கல்லில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்கு இன்னும் திகைப்பு தீரவில்லை.

நான் டாக்டர் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஊரில் இதை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. கேட்பவர்களிடம் அத்தா "மகன் மருந்துக்குப் படிக்கிறான்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். நான் லீவுக்கு வந்தால் நாலு பேர் இருமிக்கொண்டே வாசலில் வந்து நிற்பார்கள்.

உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது கிருமிகளின் சமையலை. நம் குடலில் வாழும் ஒரு கிருமி இருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரை கிடைத்தால், அதை உடைத்துத் தின்பதற்கு ஒரு என்சைமைச் செய்துகொள்ளும். என்சைம் என்றால் உயிரணுவுக்குள் இருந்து வேலை பார்க்கும் ஒரு வகைப் புரதம். சர்க்கரை தீர்ந்துபோனால் அதைச் செய்வதை நிறுத்திவிடும். எப்போது செய், எப்போது நிறுத்து என்று கண்ணுக்கே தெரியாத அந்த உயிருக்கு உத்தரவு போடுவது எது? எங்கள் துறையில் எல்லோரும் அப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் என் மச்சான் காதர் மைதீன். ஜெய்த்தூன் அக்காவின் வீட்டுக்காரர். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப உங்க கிருமி உங்கக்காவ விடக் கெட்டிக்காரன் மாப்ள. இவ ஆளு வந்தாலும் வராட்டியும் பத்துப் பேருக்கு உலை வைப்பா" என்றார். அடுப்படியிலிருந்து அக்கா, "அம்புட்டையும் திங்கிறது யாரு?" என்று குரல் கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கேட்கிறவர்களுக்குச் சண்டை போலத் தோன்றும். சண்டை இல்லை.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் தோல்ஷாப்பு என்போம். பேகம்பூரில் எங்களுக்கு ஒன்று இருந்தது. அத்தாவுக்கு வயதான பிறகு மச்சான்தான் அதைப் பார்த்துக்கொண்டார். நான் லீவுக்கு வந்திருந்த ஒரு மழைநாளில் சேவுகம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி பதனிடாத பச்சைத்தோல் வந்தது. அதில் ஒரு தோலைக் காட்டி, கொண்டுவந்தவர் "நல்லா மேஞ்சுக்கிட்டிருந்த மாடு பாய். காலையில பாத்தா கெடக்கு" என்றார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செத்த மாட்டின் தோல் வருவது புதிதில்லை. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், மழையோ வலுக்கிறது. மச்சான் அந்தத் தோலைப் பிடரியில் போட்டுத் தூக்கினார். பின்னால் தொங்கிய பாதியை நான் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து என் வலது முன்கையில் கொசு கடித்ததுபோல ஒரு தடிப்பு. அரித்தது. மறுநாள் சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பின. மச்சானுக்குக் கழுத்தின் இடது பக்கத்தில் அதே மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அக்கா, "அக்கிடா" என்று முடிவு கட்டினாள்.

அக்கி என்றால் எங்கள் ஊரில் வைத்தியம் தெரிந்ததுதான். மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போனால் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்துவிடுவார். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிடும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லோரும் போவார்கள். எழுதின பிறகு அதன் மேல் தண்ணீர் படக்கூடாது என்பது கட்டளை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஜெய்த்தூன் அக்கா ஒன்றை முடிவு செய்த பிறகு அதை மறுத்துப் பேசி மீண்டவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. நானும் மச்சானும் போய் ஆளுக்கொரு சிங்கத்தோடு திரும்பினோம். "என் சிங்கத்துக்கு வாலு நல்லா வந்திருக்கு, உங்களுது பூனை மாதிரி இருக்கு" என்று மச்சான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

என் சிங்கம் நிலைக்கவில்லை. தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவுவதை ஒளு என்போம். கையை முழங்கை வரை கழுவியாக வேண்டும். ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் காவி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் குளிக்கும்போது சுத்தமாகப் போய்விட்டது. அடியில் பார்த்தால் கொப்புளத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குள் தார் ஊற்றியதுபோல் கறுப்பு. அழுத்திப் பார்த்தேன். மரத்த மாதிரி இருந்தது. கை முழங்கைக்கு மேலே வரை வீங்கி உருண்டிருந்தது, காய்ச்சலும் இருந்தது. அத்தா ஜட்கா வண்டி பிடித்து என்னை டாக்டர் சவரிமுத்துவிடம் கூட்டிப்போனார்.

பழனி ரோட்டில் அவர் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வராந்தாவில் வரிசையாக பெஞ்சுகள். எனக்கு முன்னால் வந்தவர்கள் நிறையப் பேர். எனக்குப் பக்கத்தில் வடமதுரையிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை காதுவலியில் துடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் வலிக்கவில்லையே.

டாக்டர் வலியைப் பற்றிக் கேட்ட பிறகு அடுத்த கேள்வியை அத்தாவிடம் கேட்டார்.

"பாய், வீட்ல என்ன தொழில்?"

"தோலு டாக்டர்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கறுப்பின் ஓரத்திலிருந்து ஊசியால் ஒரு சொட்டு நீர் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்க படிச்ச பையன். பாருங்க" என்றார். பார்த்தேன். மூங்கிலைத் துண்டு துண்டாக நறுக்கி முனையோடு முனை சேர்த்து வைத்ததுபோல நீல நிறக் கோல்கள், சங்கிலி சங்கிலியாக. இந்தப் படத்தைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அது என் கையிலிருந்து வந்தது என்பது மூளைக்கு எட்டச் செத்த நேரம் ஆயிற்று. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆந்த்ராக்ஸ்" என்றார் டாக்டர். அத்தாவுக்குப் புரியும்படி, "மாட்டுக்கு வருமே பாய், அடைப்பான்" என்றார்.

"அது மாட்டுக்குல்ல வரும்?"

"செத்த மாட்டோட தோல்ல, மயிர்ல கிருமி உக்காந்திருக்கும். தொடுறவங்களுக்கு வரும்."

அத்தா தன் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஆயுள் முழுக்கத் தோலைத் தொட்ட கை.

டாக்டர் என்னை அங்கேயே படுக்க வைத்து பென்சிலின் ஊசி போட ஆரம்பித்தார். சில மணி நேரத்துக்கு ஒன்று. போட்ட இடம் கல்லாகிவிடும், உட்கார முடியாது. கட்டி வலிக்கவில்லை, ஊசிதான் வலித்தது. ஆனாலும் மறுநாள் காலையில் மனசு கொஞ்சம் தெளிந்திருந்தது. இந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்கும் என்று எனக்கே தெரியும். சீக்கிரம் வந்துவிட்டோம், தப்பித்தோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்போது மச்சான் வந்தார். ஒரு கையில் கஞ்சி வாளி, இன்னொரு கையில் துவையல் டப்பா. "என்ன மாப்ள, கிருமியப் பத்திப் படிக்கப் போயி கிருமியவே கூட்டியாந்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வாளியை ஸ்டூலில் வைத்தார். பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். அவர் பார்வை மச்சானின் கழுத்தில் நின்றது. காவிச் சிங்கம் கலையாமல் அப்படியே இருந்தது, வால் உட்பட. சட்டைக் காலர் கழுத்தைப் பிடிப்பதால் மேல் பொத்தானைத் திறந்து விட்டிருந்தார்.

"இது என்ன?"

"அக்கி டாக்டர். அது ஒண்ணும் பண்ணல. ஆறிட்டு வருது. வலியே இல்ல."

அவருக்கும் வந்திருந்ததை நான் மறந்தே போயிருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மறக்கவில்லை. அது அக்கி என்றே மண்டைக்குள் பதிந்து கிடந்தது.

டாக்டர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அந்தச் சிங்கத்தைத் துடைத்தார். மச்சான் "தண்ணி படக்கூடாதுங்க டாக்டர்" என்று விலகப் பார்த்தார். காவி போன இடத்தில் எட்டணாக் காசு அளவுக்குக் கறுப்பு. நானும் அவரும் ஐந்து வேளையும் தொழுதவர்கள்தான். ஒளு செய்யும்போது கையைக் கழுவுவோம், முகத்தைக் கழுவுவோம், கழுத்தின் பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றுவதில்லை. வெள்ளிக்கிழமையும் அக்கா சொன்னபடி அவர் கழுத்தை நனைக்காமல் குளித்திருந்தார். தண்ணீர் படாத சிங்கம் அந்தக் கறுப்பை இத்தனை நாளும் மூடியே வைத்திருந்தது.

என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே அவரையும் படுக்க வைத்தார்கள். கஞ்சியை இரண்டு பேரும் பங்கு போட்டுக் குடித்தோம்.

அடுத்து வந்த நாட்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் விடிந்தன. ஊசி, ரத்தம் எடுப்பது, மறுபடி ஊசி. ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறதா என்று டாக்டர் தினமும் பார்த்தார். ஒரு பங்கை மதுரைக்கு பஸ்ஸில் ஆள் வசம் கொடுத்தனுப்பி அங்கே வளர்த்துப் பார்க்கச் சொன்னார். முதல் நாள் மச்சானின் ரத்தத்தில் கிருமி இருந்தது. என் ரத்தத்தில் இல்லை. மருந்துக் கடைக்கு நடையாய் நடந்தது அத்தாதான். காலணாவுக்குக் கணக்குப் பார்க்கிற மனுஷன், பில்லைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் எனக்கு பயமாக இருந்தது. எதிர்க்கட்டிலில் வயிற்று ஆபரேஷனுக்குப் படுத்திருந்தவரின் மனைவி எஸ்தரம்மா, தன் புருஷனுக்கு வெந்நீர் வைக்கும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தாள். அக்கா மூன்று வேளையும் வந்தாள். மச்சானுக்கு விழுங்கக் கஷ்டமானபோது சோற்றைக் கையால் மசித்து, வடிகட்டி, கரண்டியால் ஊட்டினாள்.

"நாந்தான் எழுதச் சொன்னேன். நாந்தான் கழுத்தக் கழுவாதீகன்னேன்" என்று ஒருமுறை அழ ஆரம்பித்தாள்.

"விடு ஜெய்த்தூனு. சிங்கம் அதுபாட்டுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மச்சான். குரல் கம்மிப்போயிருந்தது.

வீக்கம் பொல்லாதது. அழுத்தினால் குழியாது, ரப்பர் மாதிரி. தாடை, கன்னம் எல்லாம் ஒன்றாகிவிட்டன. பிறகு மார்புக்கு இறங்கியது. முகம் அவருடையது மாதிரியே இல்லை. என் கை வீக்கம் அதற்குள் வடிய ஆரம்பித்திருந்தது. என் கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்த முகமாக வந்தார். "பாய், ரத்தம் சுத்தமாயிருச்சு. புண்ணுலயும் கிருமி இல்ல. மதுரைலயும் வளரலைன்னு சொல்லிட்டாங்க. மருந்து கேட்டிருச்சு."

அத்தா அங்கேயே தரையில் நெற்றியை வைத்து ஸஜ்தா செய்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டில் அம்மா பாத்திஹா ஓதி அனுப்பிய சீனியை எஸ்தரம்மா முதற்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். அது என் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. வாயில் போட மனம் வரவில்லை.

ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். வெளிநாட்டில் இந்தக் கிருமியைக் கினிப்பன்றி என்கிற பெரிய எலி மாதிரிப் பிராணிக்குக் கொடுத்துச் செய்த சோதனைகளை நான் படித்திருந்தேன். நோய் ஓர் அளவைத் தாண்டிய பிறகு மருந்து கொடுத்துக் கிருமியை ஒன்றுவிடாமல் கொன்றாலும் அந்தப் பிராணிகள் செத்தன. கிருமி அதற்குள் ஒரு விஷத்தைக் கக்கி முடித்திருந்தது. இதிலும் ஒரு விநோதம். அந்தக் கிருமியைக் குடுவையில் சாதாரணச் சத்துநீரில் வளர்த்தால் அந்த விஷம் கிடைப்பதே அரிது. உடம்புக்குள் போனால்தான் செய்யத் தொடங்கும். பால் சர்க்கரைக்குக் காத்திருக்கும் என் கிருமியைப் போல இதுவும் எதற்கோ காத்திருந்து அடுப்பு மூட்டுகிறது. லைப்ரரியில் அதைப் படித்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதே என்று நண்பனைத் தேடிப் போய்ச் சொன்னேன். அந்த விஷம் இப்போது ஒரு கை தூரத்தில், எனக்குக் கஞ்சி கொண்டுவந்த மனுஷனின் கழுத்தில் இருந்தது.

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. அத்தாவிடம் சொன்னேன். "கிருமி போனா மட்டும் பத்தாது அத்தா. வீக்கம் இன்னும் ஏறுது பாருங்க. இனிமேதான் கவனமா இருக்கணும்."

அக்கா காதில் விழுந்துவிட்டது. எழுந்து என் கட்டிலுக்கு வந்தாள். "டாக்டரே கேட்டிருச்சுன்னு சொல்லிட்டாரு. நீ உன் கருநாக்க வச்சுக்கிட்டுச் சும்மா இருடா. நல்ல வார்த்த வராதா உனக்கு?" அவள் அப்படி என்னிடம் பேசினதே இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள்.

அன்று மத்தியானத்துக்குள் மச்சான் மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். பிறகு நினைவும் மங்கி, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தார். டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"வீக்கம் மூச்சுக்குழாய அமுக்குது. கழுத்துல குரல்வளைக்குக் கீழ சின்னதா ஒரு ஓட்டை போட்டுக் குழாய் வச்சுட்டா அது வழியா மூச்சு விடலாம். மதுரைக்கு அனுப்பலாம்னா போற வழியிலயே அடைச்சுக்கும். இங்கயே நான் பண்றேன். ஆனா இப்பவே முடிவு சொல்லணும்."

"கழுத்த அறுக்கவா?" என்றாள் அக்கா.

"அறுக்கிறதுன்னு இல்லம்மா."

"கத்தி வச்சா அறுக்கிறதுதானே. ரத்தம் சுத்தமாயிருச்சுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? மருந்து கேட்டிருச்சுன்னீங்க. கேட்ட பிறகு எதுக்கு அறுக்கணும்?"

நியாயமான கேள்வி. பெங்களூரில் எங்கள் புரொபசர் கேட்டிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். டாக்டர் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அத்தாவும் என்னைப் பார்த்தார். "படிச்சவன் நீ. நீ சொல்றதுதான்" என்றார். அவர் அப்படி ஒரு பாரத்தை என்மேல் வைத்தது அதுதான் முதல் தடவை.

கட்டுப்போட்ட கையோடு அக்காவுக்கு முன்னால் நின்றேன். "அக்கா, பாம்பு கடிச்சா பாம்ப அடிச்சுக் கொன்னுட்டாச் சரியாப் போயிருமா? கடிச்ச விஷம் ஒடம்புக்குள்ளதானே இருக்கும்? இதும் அப்படித்தான். ஊசி கிருமியக் கொன்னுருச்சு. அது சாகுறதுக்கு முன்னாடி கக்குன விஷம் இருக்கு. ஊசி சொல்றத கிருமி கேக்கும். விஷம் கேக்காது. அது தன்னால வடியிற வரைக்கும் மச்சான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கணும். அதுக்குத்தான் குழாய்."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"இது வச்சா பொழச்சுக்குவாரா?"

பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் சரியான பதில். அதைத்தான் சொன்னேன். உள்ளேயிருந்து அந்த விசில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. "சரி, செய்யச் சொல்லு" என்றாள்.

டாக்டர் கை நடுங்காமல் செய்தார். முடிந்து உள்ளே போய்ப் பார்த்தபோது மச்சானின் தொண்டையில் ஒரு வெள்ளிக் குழாய். விசில் நின்றிருந்தது. நீலம் பாரித்திருந்த உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. நெடுநேரம் கழித்து முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் படிப்பு ஓர் ஆளைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன். வாயைத் திறந்து அத்தாவிடம் சொல்லவும் சொன்னேன்.

மறுநாள் காலையில் கண் விழித்தவர் பேச முயன்றார். காற்று குழாய் வழியாகப் போய்விடுவதால் சத்தம் வரவில்லை. அக்காவைப் பார்த்துக் கையால் சோறு பிசைகிற மாதிரி காட்டினார். பசி என்று அவள் கஞ்சி எடுக்க ஓடினாள். "நீ சாப்டியா" என்றுதான் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அவள் கஞ்சியோடு வருவதற்குள் அவர் கையெல்லாம் ஜில்லென்றாகி வியர்த்துக் கொட்டியது. நாடியைத் தேட வேண்டியிருந்தது. டாக்டர் சலைன் ஏற்றினார், ஊசிமேல் ஊசி போட்டார். விஷத்தை முறிக்கிற சீரம் என்று ஒன்று உண்டு, மாடுகளுக்காகச் செய்வது. அதற்கு அவர் முன்தினமே மதராசுக்கு ட்ரங்க் கால் போட்டிருந்தார். அது ரயிலில் வந்துகொண்டிருந்தது. மூச்சுக்குழாய் திறந்தே இருந்தது, குழாயில் காற்று தாராளமாகப் போய் வந்தது. மச்சானின் ரத்த ஓட்டம் அடங்கிப்போயிற்று. மதியம் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் போய்விட்டார். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

டாக்டர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் என்னை அறைக்குள் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். கண்ணாடித் துண்டை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தேன். வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள், அங்கங்கே வெள்ளையணுக்கள். கோல்கள் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு சுத்தமான ரத்தத்தை நான் பார்த்ததில்லை.

"ஒரு கிருமிகூட இல்ல தம்பி" என்றார் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அக்கா குழாயைத்தான் பார்த்தாள். மச்சானின் மையித்தைக் குளிப்பாட்டுவதற்கு முன் டாக்டர் அதை எடுத்து ஓட்டையைத் தைத்துவிட்டார். வெள்ளைத் துணி போர்த்துவதற்குள் அக்கா அந்தத் தையலைப் பார்த்துவிட்டாள்.

என் கறுப்பு சில வாரங்களில் தானே உதிர்ந்தது. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு தழும்பு மட்டும் மிச்சம். பெங்களூர் திரும்புவதற்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். கணவனை இழந்தவள் வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் இத்தா காலம். வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பத்துப் பேருக்கு ஆகிற அரிசி. அவள் என்னோடு பேசி நாளாகியிருந்தது. நான் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கிருமி, விஷம், கினிப்பன்றி, குழாய் வைக்காவிட்டால் முந்தின நாளே மூச்சு முட்டிப் போயிருப்பார் என்பது, எல்லாம். குழாய் அவரைக் கொல்லவில்லை என்பதை மட்டும் மூன்று விதமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த விஷம் உன் ஒடம்புலயும் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"உனக்கும் அதே ஊசிதானே போட்டாக?"

"அதே ஊசிதான்."

அவள் ஒரு கல்லைப் பொறுக்கித் தூர வைத்தாள்.

"உன் கழுத்த யாரும் அறுக்கலியே தம்பி" என்றாள்.

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். என் புண் கையில் இருந்தது, மச்சான் புண் கழுத்தில் இருந்தது. அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.